மூன்று கிராம் பாக்கி

நாற்பத்தேழு மணி நேரமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்துகொண்டது திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. இப்போது புதன்கிழமை காலை பத்து. இடையில் இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். முதல் முறை மேனேஜருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. இரண்டாம் முறை யாருக்கும் எதுவும் வரவில்லை. அவளுக்குத்தான் தைரியம் வரவில்லை.

அந்தத் தையல் ஆலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மதியச் சாப்பாடு ஆலையின் கேன்டீனில். அந்தச் சாப்பாட்டில் என்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. வளர்ந்த ஒருவருக்கு உணவிலிருந்து ஒரு நாளைக்கு நானூறு மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும். அது போதாவிட்டால் ரத்தம் ஒழுங்காக ஊறாது. பாதிக்கு மேல் மதியத் தட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று அவள் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தலைக்கு நூறு கிராம் கீரை போட்டாள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினாள். அதில் தன் கையாலேயே எழுதினாள்: 'இன்று உங்கள் தட்டில் ஃபோலேட்: 230 மைக்ரோகிராம்.' கீரையிலிருந்து நூற்றுத் தொண்ணூறு, பருப்பிலிருந்து நாற்பது.

அதைப் படித்துப் படித்து ஆலை முழுவதும் அவளை ஃபோலேட் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அதில் வெட்கம்தான். ஆனால் கொஞ்சம் சந்தோஷமான வெட்கம்.

திங்கட்கிழமை கைபேசிக்கு சிக்னல் தேடிக்கொண்டு சமையலறையின் பின்பக்கம் போனாள். அங்கே மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், ஓர் அண்டா வெந்த கீரையை வடித்து, பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஃபோலேட் தண்ணீரில் கரையும். வேகவைத்து வடித்தால் பாதிக்கும் மேல், நூற்றுத் தொண்ணூறில் நூற்றுப் பத்து, தண்ணீரோடு போய்விடும். கல்லூரியில் அந்தப் பாடத்தில் அவளுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண். தொண்ணூற்றாறு வாங்கியவள் பச்சைக் கீரையின் கணக்கை வெந்த கீரைக்கு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். கீரையை எப்படிச் சமைப்பீர்கள் என்று மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. அவள் மறைக்க வேண்டியிருந்தது கண்ணுக்கே தெரியாத மைக்ரோகிராம். அதற்கே சோறு போதவில்லை.

அடுத்த திங்கட்கிழமையோடு அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமாக்கும் தாளில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வாயைத் திறக்காமல், தப்பை மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்துவிட முடியாதா என்று யோசித்தாள். முடியும் என்றுதான் தோன்றியது.

சமையலறைக்குப் போனாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க மேடம்."

"கீரைத் தண்ணியக் கொட்டாம இருக்க முடியுமா?"

"ஏன்?"

"சும்மாதான். ஒரு ஆராய்ச்சிக்கு."

"இருபத்திரண்டு வருஷமாக் கொட்டறேன். சாக்கடைகூட ஏன்னு கேட்டதில்ல."

"இன்னைக்குக் கொட்டாதீங்களேன், ப்ளீஸ்."

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. கொட்டல" என்றார்.

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியம். பதினொன்றரைக்குத் தன் அறைக் கதவைத் திறந்தபோது வாசலில் மூடி போட்ட மூன்று பெரிய டிரம்கள் நின்றன. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாஸ்டர்.

"கொட்டல. வெச்சிருக்கேன். எங்க ஊத்தட்டும்?"

நடைபாதை முழுவதும் கீரை வாசனை. மேனேஜரின் அறை நான்காவது கதவு. அவருடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பருப்புல ஊத்திடுங்க மாஸ்டர். சீக்கிரம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் கிளம்பியது. அவள் கூடத்துக்குள் போகவில்லை. எப்போதுமே போவதில்லை, நானூறு பேர் நிமிர்ந்து பார்த்தால் அவளுக்குக் கால் பின்னிக்கொள்ளும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவாள். ஆனால் சத்தம் கதவைத் தேடி வந்தது.

வந்தது மைக் அக்கா. காலர் தைக்கும் பிரிவில் மூத்தவள், தொழிலாளர் சார்பாகப் பேசுகிறவள். அறுபது மெஷின் ஓடும்போதும் அவள் பேச்சு கடைசி வரிசை வரை கேட்கும் என்பதால் வந்த பெயர்.

"மேடம், பருப்பு ஏன் பாசி பிடிச்சிருக்கு?"

"பாசி இல்ல அக்கா. அது சத்து."

"எங்க வீட்டுத் தொட்டியிலயும் இந்தச் சத்து நிறைய இருக்கு. நாங்க தேய்ச்சுக் கழுவிடுவோம்."

அன்று நானூறு பேர் பருப்பில்லாமல் எழுந்தார்கள். கீரையில் போன நூற்றுப் பத்தோடு பருப்பின் நாற்பதும் போயிற்று. இந்தக் கணக்கை மட்டும் அவள் சரியாகப் போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீரையை வேகவெச்சா அந்தத் தண்ணிய என்ன பண்ணுவ?"

"தண்ணி எங்க இருக்கும்? கொஞ்சமாத் தெளிச்சு, மூடி போட்டு, அதுலயே சுண்ட விடணும். ஏன் கேக்கற?"

"என் ஃபிரண்டு ஒருத்தி வேலை செய்யற இடத்துல வடிச்சுக் கொட்டிடறாங்களாம்."

"வடிச்சுக் கொட்டிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கும், சக்கைதான். இதைக்கூடப் பாக்காம அவ அங்க என்ன வேலை பாக்கறாளாம்?"

"சத்து வேலைதான்."

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா. பிறகு கத்தியை நிறுத்தி, "உனக்கு ஏதுடி ஃபிரண்டு?" என்று கேட்டாள்.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் தொடர்ந்தது. "வேலை நிரந்தரம்னு பெரியம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவ சித்தப்பாகிட்டச் சொல்லிட்டா. திங்கக்கிழமை மறக்காம அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. எல்லாரும் கேப்பாங்க."

வியாழக்கிழமை கீரை இல்லாத நாள். அன்று முழுவதும் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நூறு கிராமில் பாதிக்கு மேல் போகிறது என்றால், இருநூறு கிராமாகப் போட்டால் போனது போக இருப்பது ஏறக்குறைய சரியாக வரும். மாஸ்டரிடம் எதையும் விளக்க வேண்டாம். சாக்கடையும் பழையபடி சந்தோஷமாக இருக்கும். தலைக்கு இருநூறு என்று தாளில் எழுதி, மாஸ்டர் இல்லாத நேரம் பார்த்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தாள்.

தாளில் இருநூறு கிராம் சின்ன எண். வெள்ளிக்கிழமை காலை வண்டியிலிருந்து இறங்கியபோது அது எண்பத்திரண்டு கிலோ கீரை. சமையலறைக் கதவைச் சாத்த முடியவில்லை.

"இதை ஆய எனக்கு எத்தனை கை இருக்குன்னு நினைச்சீங்க?" என்றார் மாஸ்டர். அவளிடம் அல்ல. நேராக மேனேஜரிடம் போய்க் கேட்டார். அவர் ஏதோ கடிதம் படித்துக்கொண்டே, "பட்டன் பிரிவுல பத்துப் பேரைக் கூட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். பத்துப் பேரும் மெஷினை விட்டு இறங்கி, கீரையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஆலையில் நடந்த அத்தனை கல்யாணங்களையும் பேசி முடித்தார்கள். மணி பன்னிரண்டு ஆயிற்று.

மூன்று மணிக்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். அவருடைய மேஜையின் மேல் ஆறு சட்டைகள் கிடந்தன.

"இந்தச் சட்டையில என்ன இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

அவள் பார்த்தாள். "பட்டன் சார்."

"கீரையில என்ன இல்ல?"

"காம்பு சார்."

"பட்டன் இல்லாத சட்டை ரெண்டாயிரம் இருக்கு. காம்பு இல்லாத கீரை எண்பது கிலோ இருக்கு. நான் எதைக் கப்பல்ல ஏத்தட்டும்?"

அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு பட்டன் கிடந்தது. அதை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லன்னு மேலிடத்துக்கு எழுதி வெச்சிருக்கேன்" என்றார் அவர். "திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் புதுசா எதையும் பண்ணாதீங்க. அது போதும்."

இப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வெளியே வந்த பிறகு, சொல்ல வேண்டிய வாக்கியம் தலையில் ஒரு பிழையும் இல்லாமல் உருவாயிற்று. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பரீட்சை முடிந்த பிறகு விடை வரும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் தனக்கு ஏற்ற ஒரு வழி கிடைத்தது. வாயால் சொல்ல முடியாததைச் சாக்கட்டியால் சொல்லிவிடுவது. திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, கரும்பலகையில் 230-ஐ அழித்து 120 என்று எழுதினாள். மனசு கொஞ்சம் லேசானது. யாருக்காவது சந்தேகம் வந்தால் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருவருக்கு வரவில்லை, நானூறு பேருக்கும் வந்தது.

"வெள்ளிக்கிழமை இருநூத்து முப்பது. இன்னைக்கு நூத்தி இருபது. மீதி எங்க போச்சு?"

"மேனேஜர் ரூமுக்குப் போயிருக்கும். ஆளப் பாரு, எப்படி மினுமினுன்னு இருக்காரு."

"அந்தச் சத்துல முடி நல்லா வளருமாமே?"

"அப்போ மேனேஜருக்குப் போகல. தலையப் பாத்தாலே தெரியுதே."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாஸ்டரின் அண்டா மூடியும் போதாது. ஒன்றரை மணிக்குள் அந்த நூற்றுப் பத்து மைக்ரோகிராம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது என்பது வரை போய்விட்டது.

ஒன்றே முக்காலுக்கு அவள் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். கைப்பட்டி தைக்கும் பெண். மூன்று மாதக் கர்ப்பம். வயிறு இன்னும் தெரியவில்லை, முகத்தில் மட்டும் களைப்பு.

"மேடம், எனக்கு மத்தவங்களை விட அதிகம் வேணும், அறுநூறுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"இன்னைக்குப் போர்டுல குறைஞ்சு போச்சே, அதான் பயமாப் போச்சு."

"பயப்படாதீங்க. டாக்டர் கொடுத்த ஃபோலிக் மாத்திரை போடறீங்கல்ல?"

அந்தப் பெண் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "குமட்டுதுன்னு விட்டுட்டேன் மேடம். பத்து நாளாச்சு. போர்டைப் பாக்கறப்பல்லாம் இருநூத்து முப்பதுன்னு போட்டிருக்கு. மேடமே கைப்பட எழுதறாங்க, அப்புறம் மாத்திரை எதுக்குன்னு..."

இத்தனை நாள் அவள் பட்டது வெட்கம் என்று நினைத்திருந்தாள். அதெல்லாம் வெறும் கூச்சம். வெட்கம் இப்போதுதான் வந்தது.

"போர்டு தப்பு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "அந்தப் போர்டு தப்பும்மா. நான் தப்பா எழுதிட்டேன், கீரைத் தண்ணியோட சாக்கடைக்குப் போறதைக் கழிக்கல. சரியா எழுதியிருந்தாலும் இந்த நேரத்துல சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேணும். இன்னைக்கே போடுங்க, ஒரு நாள்கூட விடாதீங்க. பத்து நாள் விட்டதையும், குமட்டறதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க. வேற நேரத்துல போடச் சொல்வாங்க."

"சரி மேடம்" என்றாள் அந்தப் பெண். வாசல்வரை போய்த் திரும்பினாள். "தப்புன்னா, இன்னைக்கு மட்டுமா?"

"அஞ்சு மாசமா."

இந்தப் பதில் கைப்பட்டிப் பிரிவுக்குப் போய், காலர் பிரிவுக்குப் போய், மைக் அக்காவின் வாய்க்குப் போயிற்று. இரண்டரை மணிக்கு ஆலையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

நான்கு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சுவார்த்தை. மேஜைக்கு ஒரு பக்கம் மேனேஜர். அவர் முன்னால், இன்று கையெழுத்தாக வேண்டிய அவளுடைய தாள். எதிர்ப்பக்கம் மைக் அக்கா. மாஸ்டர் தூணில் சாய்ந்து நின்றார். சன்னல் நிறைய முகங்கள். தட்டுக் கழுவும் அம்மாள் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல், கடைசி மேஜையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அங்கே பேசியே யாரும் கேட்டதில்லை.

மைக் அக்கா ஒரு தாளைப் பிரித்து வாசித்தாள். "தலைக்கு நூத்திப் பத்து மைக்ரோகிராம் வீதம், அறுபத்தாறு நாள். எங்க தட்டுல எங்களுக்குன்னு எழுதினது. அது மொத்தமும் எங்களுக்கு வந்தாகணும். தவணையெல்லாம் வேண்டாம்."

மேனேஜர் நெற்றியைத் தடவினார். இரண்டாயிரம் சட்டைக்கே வழி தெரியாமல் இருந்தவர். "ஏம்மா, மொத்தம் எவ்வளவு வருது?" என்று அவளைக் கேட்டார்.

அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். "மூணு கிராம் சார்."

"தலைக்கா?"

"மொத்த ஆலைக்கும். சரியாச் சொன்னா அதுல ஒன்பது மில்லிகிராம் குறையும்."

மேனேஜர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, உப்பு எடுப்பதுபோல் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா மெஷினை நிறுத்தினீங்க?"

மைக் அக்கா ஒரு நொடி தடுமாறினாள். உடனே சமாளித்துக்கொண்டாள். "கொஞ்சமா இருந்தா கொடுக்க வேண்டியதுதானே. கொஞ்சத்தையே அமுக்கறவங்க நிறைய இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் எதையும் அமுக்கலம்மா. சாக்கடைல போச்சாம்." மேனேஜர் தூண் பக்கம் திரும்பினார். "கொட்டினது யாரு? மாஸ்டர்தானே? அப்போ நடவடிக்கை எடுக்க வேண்டியது மாஸ்டர் மேல."

மாஸ்டர் தூணிலிருந்து முதுகை எடுத்தார். "சார், நான் இருபத்திரண்டு வருஷமா..."

"அதேதான் சொல்றேன். இருபத்திரண்டு வருஷமாக் கொட்டியிருக்கீங்க."

அந்தப் பெரிய மனிதர் சட்டென்று சின்னவராகிவிட்டதுபோல் அவளுக்குத் தெரிந்தது. மாஸ்டர் அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள். கால் பின்னிக்கொண்டது, மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு மாஸ்டர் மேல இல்ல சார். என்னோடது."

"உக்காருங்கம்மா, நாம அப்புறம்..."

"இல்ல சார், உக்காந்தா சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கினாள். "பச்சைக் கீரையோட கணக்கை எழுதிட்டேன். எப்படிச் சமைக்கறீங்கன்னு மாஸ்டரைக் கேக்கல. தெரிஞ்சதும் உடனே சொல்லல, ஒரு வாரம் மறைச்சேன். தண்ணிய வெக்கச் சொன்னது, பருப்புல ஊத்தினது, கீரைய ரெண்டு மடங்காப் போட்டது, எல்லாம் மறைக்கத்தான். வேலை போயிடும்னு பயம். அதை விட, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல அசிங்கமா இருந்தது. அஞ்சு மாசத்துல ஒரு நாள்கூட நீங்க சாப்பிடற நேரத்துல நான் இந்தக் கூடத்துக்குள்ள வந்ததில்ல. உங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. போர்டுல எழுதிட்டு ஓடிடுவேன். மன்னிச்சுடுங்க."

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி, அவளுடைய தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஆனால் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

மைக் அக்கா தொண்டையைச் செருமினாள். குரல் இறங்கியிருந்தது. "சரி, பொண்ணு ஒத்துக்கிச்சு. அதை விடுங்க. ஆனா எங்களுக்கு வர வேண்டிய அந்த மூணு கிராம்?"

கடைசி மேஜையில் துணி துடைப்பதை நிறுத்தியது. தட்டுக் கழுவும் அம்மாள் நிமிர்ந்தாள். சன்னலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. மைக் அக்கா கையிலிருந்த தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

"அந்த மூணு கிராமை என் வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்" என்றாள் தட்டுக் கழுவும் அம்மாள். "இங்க ஒருத்தரும் அந்தக் கீரையை வாயில வெச்சதில்ல. அஞ்சு மாசமாத் தின்னதெல்லாம் என் வாத்துங்கதான்."